சி-4க்கு வந்த பார்சல்

வாங்க சார். லிஃப்ட் வேலை செய்யுது, ஆனா மூணாவது மாடிதானே, படியிலயே ஏறிடலாம். பேசிக்கிட்டே போகலாம். நான் தணிகாசலம். இந்தப் பூவனம் ஃப்ளாட்ஸ் சங்கத்துக்கு செகரெட்டரி. ஏழு வருஷமா நான்தான். நான் வேண்டாம்னுதான் சொன்னேன், வேற யாரும் முன்னால வரலை. புரோக்கர் உங்க கிட்ட என்ன சொன்னான்? ரெண்டு பெட்ரூம், கிழக்கு பாத்த வாசல், தண்ணிக் கஷ்டம் கிடையாது. அதெல்லாம் சரி. எட்டு மாசமா ஏன் காலியா கிடக்குன்னு சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான். கீழ டீக்கடையில கேட்டா சொல்லியிருப்பாங்க. அவங்க சொல்றதுல பாதி பொய் சார். அதனாலதான் சாவியை வாட்ச்மேன் கிட்ட குடுக்காம நானே வெச்சிருக்கேன். வீடு பாக்க வர்றவங்களுக்கு நடந்ததை நானே சொல்லிடறது.

இதான் ஹால். வெளிச்சம் பாருங்க. சாயங்காலம் வரைக்கும் லைட்டே போட வேண்டாம். ஓனர் துபாய்ல இருக்காரு, ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சுக் குடுத்திருக்காரு. உங்களுக்கு ஏதாவது வாசனை வருதா? வெல்லப்பாகு காய்ச்சற மாதிரி? வரலையா. அப்ப பெயிண்ட்தான். எனக்கு அப்பப்ப அப்படித் தோணும். உக்காருங்க சார், அந்த நாற்காலி நல்லாதான் இருக்கு. நான் நின்னுக்கிட்டே சொல்றேன், பழக்கம்.

இங்க இருந்தது இந்துமதின்னு ஒரு பொண்ணு. புருஷன் சுதர்சன், கப்பல்ல என்ஜினியர், வருஷத்துல ஆறு மாசம் கடல்லதான். நாலு வயசுல ஒரு பெண் குழந்தை, மிதுலா. நல்ல குழந்தை சார். சத்தம் போடாது, சுவத்துல கிறுக்காது, லிஃப்ட்ல எல்லா பட்டனையும் அமுக்காது. என்னைப் பாத்தா செகரெட்டரி தாத்தான்னு கூப்பிடும். யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க.

அந்தக் குழந்தைக்குப் பிறந்ததுலேர்ந்தே ஒரு வியாதி. பேர் நீளமா இருக்கும், எனக்கு வாயில நுழையாது. நாம சாப்பிடற பால், பருப்பு, சோறு இதுல இருக்கற சத்து ஒண்ணு அதோட உடம்புக்கு ஒத்துக்காது. தங்கிப் போய் விஷமாயிடும், மூளைக்கு ஏறிடும். அதுக்குன்னே ஒரு பால் மாவு வெளிநாட்டுல செய்யறாங்க. அதை வேளாவேளைக்குக் கரைச்சுக் குடுத்துட்டா எல்லாக் குழந்தையும் மாதிரி ஓடி ஆடும். குடுக்கலைன்னா நாலஞ்சு நாள்தான். இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது சார், அப்புறம் தெரிஞ்சுக்கிட்டதுதான். குடி வந்த புதுசுல அவ ஒரு பேப்பர்ல எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தா. என் குழந்தைக்கு யாரும் பிஸ்கட், சாக்லேட் எதுவும் குடுக்காதீங்க, காரணம் இதுன்னு. சங்கத்தோட அனுமதி இல்லாம போர்டுல எதுவும் ஒட்டக் கூடாது. அதனால நான் எடுத்துட்டேன். படிக்கலை. படிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும், ஒத்துக்கறேன். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கில்ல.

அந்த மாவை முதல்ல ஆஸ்பத்திரி மூலமா ஒரு ஏஜென்ட் வரவழைச்சுக் குடுத்துட்டிருந்தான். திடீர்னு அவன் நிறுத்திட்டான். அதனால இந்தப் பொண்ணு வெளிநாட்டுக் கடையில ஆன்லைன்லயே நேரா ஆர்டர் போட்டுச்சு. மாவுக்கு, அனுப்பற கூலிக்கு, எல்லாத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டியாச்சு. கட்டி முடிச்சதும் இனிமே ஒண்ணும் கட்ட வேண்டாம்னு அவ நினைச்சா. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

ஒரு திங்கக்கிழமை காலையில ஆபீஸ் போற அவசரத்துல என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. போன்ல ஒரு மெசேஜ். உங்க பார்சல் சென்னைக்கு வந்துடுச்சு, இறக்குமதி வரியும் எங்க சேவைக் கட்டணமும் பாக்கி, கீழ இருக்கற லிங்க்கைத் தொட்டுப் பணம் கட்டுங்கன்னு. அங்கிள், இது நிஜமா, ஏமாத்து வேலையா, உங்களுக்குத்தான் தெரியும்னு கேட்டா. எனக்குத்தான் தெரியும்னு ஏன் சொன்னான்னா, நான் வணிகவரித் துறை. முப்பத்தொரு வருஷம் சர்வீஸ், அதுல ஒன்பது வருஷம் செக்போஸ்ட். லாரியைப் பாத்தே உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடுவேன். வரியைப் பத்தி எனக்கு இன்னொருத்தன் சொல்லித் தரணுமா?

நான் சொன்னேன், அம்மா, சுங்க வரிங்கறது துறைமுகத்துல கட்டறது, விமான நிலையத்துல கட்டறது, அரசாங்கத்துக்குக் கட்டறது. போன்ல மெசேஜ் போட்டு எவனும் வரி வாங்க மாட்டான். லிங்க்கைத் தொட்டே, பேங்க்ல இருக்கறதெல்லாம் போயிடும். அழிச்சிடுன்னேன். கொஞ்சம் தயங்கினா. ஒரு டப்பாதான் அங்கிள் பாக்கி இருக்குன்னா. பார்சல் வந்திருந்தா வீடு தேடி வரும்மா, நீ தைரியமாப் போன்னேன். என் கண் முன்னாலயே அழிச்சா. தேங்க்ஸ் அங்கிள்னு சொல்லிட்டுப் போனா.

இதுல என் தப்பு என்ன, நீங்க சொல்லுங்க. ஊரெல்லாம் ஏமாத்துக்காரன். ஒரு விஷயம் சொல்றேன், வெளியில போக வேண்டாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால எனக்கு லண்டன்ல ஒரு சிநேகிதம். கம்ப்யூட்டர்லதான் பழக்கம். அவங்க எனக்கு ஒரு பரிசுப் பொருள் அனுப்பினாங்க. அவங்கன்னா, அவர். ஒரு கைக்கடிகாரம். மறுநாள் போன் வருது, பார்சல் ஏர்போர்ட்ல நிக்குது, வரி கட்டுங்கன்னு. கட்டினேன். இன்னொரு கட்டணம்னான், கட்டினேன். அபராதம்னான், அதையும் கட்டினேன். கடைசியில பார்சலும் இல்ல, சிநேகிதமும் இல்ல. எவ்வளவு போச்சுன்னு கேக்காதீங்க. சுகுணாவுக்கு, என் வீட்டுக்காரிக்கு, இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வரித்துறையில தலை நரைச்சவன் வரின்னு சொன்னதை நம்பி ஏமாந்தான்னு தெரிஞ்சா நான் எப்படி சார் வெளியில நடமாடறது? பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதிருக்கேன். அன்னைக்கு முடிவு பண்ணினேன், இந்த ஃப்ளாட்ஸ்ல இனி ஒருத்தரும் இப்படி ஏமாறக் கூடாதுன்னு. அடுத்த கூட்டத்துலயே தீர்மானம் போட்டேன். வாசல்ல காசு கேக்கற எந்தக் கூரியர்காரனா இருந்தாலும் முதல்ல செகரெட்டரியைப் பாக்கணும். கீழ போர்டுல இன்னும் இருக்கு, வரும்போது பாத்திருப்பீங்க.

வியாழக்கிழமை காலையில ஒரு பதினோரு மணி இருக்கும். வாட்ச்மேன் இன்டர்காம்ல கூப்பிட்டான். சார், சி-4க்குப் பார்சல், ஆள் காசு கேக்கறான்னான். இந்துமதி வேலை பாக்கற ஆபீஸ்ல உள்ள போகும்போதே போனை லாக்கர்ல வெச்சிடணும், மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் எடுப்பாங்க. அதனால பார்சலுக்கு மாற்று எண்ணுன்னு என் நம்பரைக் குடுத்திருந்தா. என் மேல அவ்வளவு நம்பிக்கை அந்தப் பொண்ணுக்கு. குழந்தையைப் பாத்துக்கற அம்மா ஒருத்தி வருவாங்க, அவங்க மேல இருந்தாங்க. அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

நான் இறங்கிப் போனேன். நாப்பது வயசு இருக்கும் ஆளுக்கு. ஒல்லியா, வேர்த்து வழிஞ்சுக்கிட்டு நிக்கறான். பைக்ல ஒரு பொட்டி. இறக்குமதி வரி, அதுக்கு மேல கம்பெனியோட கட்டணம், ரெண்டையும் கட்டினாத்தான் பொட்டியைத் தர முடியும்னான். நான் அடையாள அட்டை கேட்டேன். காட்டினான். போட்டோ எடுத்தேன். அரசாங்க ரசீது எங்கன்னு கேட்டேன். கம்பெனியே முன்னால கட்டிடுச்சு சார், நாங்க உங்க கிட்ட வாங்கிக்கறோம்னான். அப்படி ஒரு முறை இருக்குன்னு எனக்கு அப்பத் தெரியாது. எங்க காலத்துல கிடையாது. உன் ஆதாரைக் காட்டு, மேனேஜர் நம்பரைக் குடுன்னேன். அவனுக்குக் குரல் நடுங்க ஆரம்பிச்சுது. குரல் நடுங்கினா பொய்னு செக்போஸ்ட்ல ஒரு கணக்கு. பைக் சாவியை எடுத்து என் கையில வெச்சுக்கிட்டேன். ரெண்டு மூணு பேர் பால்கனியில வந்து நின்னு பாத்தாங்க.

அப்ப அவன் ஒண்ணு சொன்னான். "சார், நீங்க காசே குடுக்க வேண்டாம். குழந்தைச் சாப்பாடுன்னு மேல எழுதியிருக்கு, நானும் பிள்ளைக்குட்டிக்காரன். மத்தியானம் வரைக்கும் இங்கயே ஓரமா நிக்கறேன். அந்தம்மா போன் எடுத்ததும் நீங்க ஒரு வார்த்தை பேசுங்க, போதும்."

இப்படிப் பேசறவனைத்தான் சார் முதல்ல சந்தேகப்படணும். அந்த லண்டன் பார்சலுக்கு வந்த போன்லயும் இப்படித்தான் பணிவாப் பேசினான். நான் சாவியை அவன் கையில குடுத்து, போலீஸ் வர்றதுக்குள்ள ஓடிடுன்னேன். அவன் பொட்டியை ஒரு தடவை பாத்தான், என்னை ஒரு தடவை பாத்தான். ஒரு பேப்பர்ல பெறுபவர் மறுத்துட்டார்னு எழுதினான். கையெழுத்துக் கேட்டான். நான் போடலை. வாட்ச்மேன் போட்டான்.

மேல வந்ததும் நான் சும்மா இருக்கலை. சைபர் போலீசுக்கு ஆன்லைன்ல புகார். அந்தக் கூரியர் கம்பெனிக்குச் சங்கத்து லெட்டர் பேடுல ஒரு கடிதம், சீல் வெச்சு, ஆளோட போட்டோவோட. எங்க ஃப்ளாட்ஸ் குரூப்லயும் போட்டேன். உஷார்னு தலைப்பு. சாயங்காலத்துக்குள்ள பதினேழு பேர் கை கூப்பற படம் போட்டாங்க. ஒருத்தர், நீங்க இருக்கற வரைக்கும் நாங்க நிம்மதியாத் தூங்கலாம் சார்னு எழுதினார். அன்னைக்கு ராத்திரி நானும் நல்லாத் தூங்கினேன், ரெண்டு வருஷத்துல முதல் தடவையா.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்துமதி வந்தா. முகமே சரியில்ல. குரூப்ல நான் போட்டதைப் பாத்துட்டுக் கம்பெனிக்குப் போன் பண்ணியிருக்கா. பார்சல் நிஜம்தான், உள்ள இருக்கறது அந்தப் பால் மாவுதான். ஆனா மோசடின்னு எழுத்து மூலமா புகார் வந்திருக்கறதால அந்தப் பார்சலை நிறுத்தி வெச்சுட்டாங்களாம். பணம் கட்டறேன்னாலும் வாங்க மாட்டேங்கறாங்க, எவ்வளவுன்னும் சொல்ல மாட்டேங்கறாங்க. புகார் குடுத்தவங்க அதே லெட்டர் பேடுல, அதே சீலோட, வாபஸ் வாங்கறோம்னு எழுதிக் குடுத்தா அன்னைக்கே விட்டுடுவாங்களாம். அங்கிள், இப்பவே எழுதிக் குடுங்க, நான் ஆட்டோ வெச்சு நேர்ல கொண்டு போறேன்னா.

சார், நீங்க என் இடத்துல இருந்து பாருங்க. எழுதினது தணிகாசலம் இல்ல. சங்கம் எழுதினது. ஏழு வருஷத்துல சங்கத்து லெட்டர் பேடுல போன கடிதம் ஒண்ணுகூட நான் திரும்ப வாங்கினதில்ல. சர்வீஸ்லயும் ஒரு நோட்டீஸை நான் வாபஸ் வாங்கினது கிடையாது. நாளைக்கு அந்த ஆள் பொய்ப் புகார்னு கேஸ் போட்டா? அதனால, இது சங்கக் கடிதம்மா, வாபஸ் வாங்கணும்னா கமிட்டியில தீர்மானம் போடணும்னேன். எப்ப அங்கிள் கமிட்டின்னா. விதிப்படி ஏழு நாள் நோட்டீஸ் குடுக்கணும். நான் அதை ரெண்டு நாளாக் குறைச்சேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவசரக் கூட்டம். யாருக்கும் நான் அப்படிச் செஞ்சதில்ல சார், அந்தப் பொண்ணுக்காகச் செஞ்சேன்.

"டப்பாவுல நாளைக்கு வரைக்கும்தான் அங்கிள் இருக்கு"ன்னா.

ஞாயித்துக்கிழமைதானேம்மா, நடுவுல ஒரு நாள்தானேன்னேன். உள்ளேர்ந்து சுகுணா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா. முப்பத்தாறு வருஷத்துல அவ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்னைக்குத்தான். எழுதிக் குடுத்துடுங்கன்னா. உனக்கு இதெல்லாம் தெரியாது, பேசாம இருன்னேன்.

சனிக்கிழமை பூரா அந்தப் பொண்ணு போன்லயே இருந்தா. ஆஸ்பத்திரியில இருப்பு இல்ல. வேலூர்ல இதே வியாதி உள்ள இன்னொரு குழந்தையோட அம்மா, தன் பிள்ளைக்கு வெச்சிருந்ததுல பாதி டப்பாவை பஸ்ல குடுத்தனுப்பறேன்னாங்களாம். அந்த டப்பா வழியில எந்த பஸ்ல போச்சோ, இங்க வந்து சேரலை. சாயங்காலம் குழந்தைக்கு லேசா ஜுரம். ஜுரம் வந்தா அந்த வியாதிக்கு ரொம்பக் கெடுதலாம். ஜவ்வரிசிக் கஞ்சியும் சர்க்கரைத் தண்ணியும் குடுத்துக்கிட்டே இருந்தா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் டிரிப் ஏத்திட்டும் வந்தா. அவங்க, மாவு வந்தாத்தான்மா நிக்கும், ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா உடனே தூக்கிட்டு வான்னு அனுப்பிச்சாங்க. இதெல்லாம் எனக்கு சுகுணாதான் சொன்னா. அவ அன்னைக்குப் பூரா இங்கதான் இருந்தா, எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்கக்கூட வரலை.

ஞாயித்துக்கிழமை கூட்டம் கார் பார்க்கிங்ல. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீக்குச் சொல்லி, எல்லாம் முறையா. இருபத்தி நாலு வீடு, எட்டு வீடாவது வந்தாத்தான் தீர்மானம் செல்லும். அஞ்சு மணிக்கு அஞ்சு பேர் இருந்தாங்க. அஞ்சே முக்காலுக்கு ஏழு. ஏழாவது ஆள் வந்தப்புறம் எட்டாவது ஆள் வர்ற வரைக்கும் அரைமணி நேரம் உக்காந்திருந்தோம். இந்துமதி அந்தத் தூண்கிட்ட நின்னுக்கிட்டே இருந்தா. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மேல ஓடுவா, திரும்ப வருவா. செருப்பு போட்டிருக்கலை. அங்கிள், முதல்ல என் விஷயத்தை எடுத்துடுங்கன்னு ஒரு தடவை கேட்டா. அஜெண்டாவுல நாலாவது. டேங்க் கழுவறது, ஜெனரேட்டர் டீசல், பி-2 நாய், அப்புறம்தான் இது. வரிசையை மாத்தறதுக்கும் ஒருத்தர் முன்மொழியணும், இன்னொருத்தர் வழிமொழியணும். யாரும் செய்யலை. நாய் விஷயத்துலயே நேரம் போயிடுச்சு.

நடுவுல நான் சீல் எடுக்க மேல போனேன். மூணாவது மாடி திரும்பும்போது வாசனை. நல்ல வெல்லப்பாகு வாசனை, அதிரசத்துக்குக் காய்ச்சினா வருமே, அது. இவ்வளவு கவலையிலயும் பலகாரம் செய்யறாங்க போலன்னு நினைச்சேன். படியில இந்துமதி எதிர்ல வந்தா. சும்மா ஒரு நல்ல வார்த்தை பேசலாமேன்னு, என்னம்மா, வீட்டுல ஏதாவது விசேஷமா, பாகு வாசனை வருதேன்னு கேட்டேன்.

அவ நின்னுட்டா. என்னையே பாத்தா. அப்புறம் திரும்பி மேல ஓடினா.

அந்த வியாதி முத்தினா குழந்தையோட மூத்திரத்துல, வேர்வையில அந்த வாசனை வருமாம் சார். கிட்டயே இருக்கறவங்களுக்குப் பழகிப்போய்த் தெரியாதாம். வெளியிலேர்ந்து வர்றவங்களுக்குத்தான் தெரியுமாம். டாக்டர் சொன்னார்னு சுகுணா சொன்னா.

நான் கீழ போனேன். நாலாவது விஷயம் வந்துச்சு. ரெண்டே நிமிஷம், ஏகமனதா நிறைவேறுச்சு. நான் கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சு, காயட்டும்னு ஊதிக்கிட்டிருக்கும்போது இந்துமதி இறங்கி வந்தா. தோள்ல குழந்தை. தலை ஒரு பக்கமாத் தொங்குது, கை ஆடுது. தூங்குதுன்னு நினைச்சேன். அம்மா, லெட்டர் ரெடின்னு நீட்டினேன். என்னைத் தாண்டிப் போயிட்டா. பின்னாலயே ஓடிவந்த சுகுணாவும் அந்த லெட்டரை என் கையிலேர்ந்து வாங்கலை, இந்துமதியோட சேர்ந்து கார்ல ஏறிப் போயிட்டா. நான் அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அஜெண்டாவுல அஞ்சாவதா நன்றியுரை இருந்தது. அதையும் சொல்லித்தான் கூட்டத்தை முடிச்சேன்.

ஏன் சார் எந்திரிக்கறீங்க? உள் ரூம் இன்னும் காட்டலையே. சரி, அந்த ரூமைக் கடைசியில பாக்கலாம். உக்காருங்க, இதோ முடிச்சிடறேன். பாதியில போனா டீக்கடையில சொல்றதுதான் உங்க மனசுல நிக்கும்.

திங்கக்கிழமை காலையில நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லெட்டரை ஃபைல்ல வெச்சு, ரெண்டு ஜெராக்ஸும் எடுத்துக்கிட்டு. ஐ.சி.யு. வாசல்ல ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க. சுகுணா என்னைப் பாத்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டா. இந்துமதி திட்டுவான்னு நினைச்சேன். வாங்கிக்கலாம்னுதான் சார் போனேன். நாலு பேர் முன்னால கத்தினாலும் நின்னு கேட்டுக்கலாம்னு மனசைத் தயார் பண்ணிக்கிட்டுப் போனேன். அவ சத்தம்கூடப் போடலை.

"அங்கிள், அன்னைக்கு அந்த ஆள் எவ்வளவு கேட்டார்?"

அவ்வளவுதான் கேட்டா. அவளுக்கு எப்படித் தெரியும்? லிங்க்கைத் தொட்டாத்தான் தொகை தெரியும், அந்த மெசேஜைத்தான் நான் அழிக்கச் சொல்லிட்டேனே. கம்பெனியிலயும் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. வாசல்ல அவனோட நின்னு பேசினவன் நான் ஒருத்தன்தான். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அடையாள அட்டை கேட்டிருக்கேன், ரசீது கேட்டிருக்கேன், ஆதார் கேட்டிருக்கேன், மேனேஜர் நம்பர் கேட்டிருக்கேன். எவ்வளவுன்னு கேக்கலை. செக்போஸ்ட்ல லாரி நின்னா முதல் கேள்வியே அதுதான் சார். அதை நான் கேக்கவே இல்லை.

தெரியலம்மான்னேன். சரி அங்கிள்னா. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அந்தப் பொண்ணு என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை.

லெட்டரைக் கொண்டு போய் கம்பெனியில குடுத்தேன். செவ்வாய்க்கிழமை பார்சலை விட்டாங்க. புதன்கிழமை மாவு ஆஸ்பத்திரிக்கு வந்து, குழாய் வழியா ஏத்தினாங்க. வியாழக்கிழமை காலையில குழந்தை போயிடுச்சு. சுதர்சன் எந்தக் கடல்லேர்ந்தோ பறந்து சனிக்கிழமை வந்தான். என்னைப் பாத்ததும் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். அவசரக் கூட்டம் போட்டு லெட்டர் குடுத்தீங்களாமே, ரொம்ப நன்றி அங்கிள்னான். அவ அவன்கிட்ட என்ன சொன்னாளோ, எதைச் சொல்லலையோ. அந்தக் கையை எப்படி விடுவிச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியலை. மாசக் கடைசியில காலி பண்ணிட்டாங்க. சுகுணா அவ அக்கா வீட்டுக்குக் காஞ்சிபுரம் போயிருக்கா. எட்டு மாசம் ஆச்சு, வந்துடுவா.

போலீஸ்ல என்னை ஒண்ணும் சொல்லலை. நல்லெண்ணத்துல செஞ்சதுன்னு எழுதி மூடிட்டாங்க. அந்த விதி மட்டும் போர்டுல அப்படியே இருக்கு. எடுத்துடலாம்னுதான் நானும் நினைக்கறேன். எடுக்கணும்னா தீர்மானம் போடணும், கூட்டம்னு சொன்னா இப்ப யாரும் வர்றதில்ல. அஞ்சு மணிக்கு நாற்காலி போட்டுட்டு நானும் வாட்ச்மேனும் உக்காந்திருப்போம்.

இதுக்கு முன்னால வீடு பாக்க வந்த நாலு பேருக்கும் இவ்வளவு வரைக்கும்தான் சொன்னேன். இதுக்கு மேல சொன்னதில்ல. நீங்க பொறுமையாக் கேட்டீங்க, அதனால சொல்றேன். போன மாசம் நானே அந்தக் கம்பெனியோட கிடங்குக்குப் போனேன். பஸ் மாறி, மூணு மணி நேரம். பழைய தாள் எல்லாம் எடுத்துப் பாத்து அந்தத் தொகையை மட்டும் சொல்லுங்கன்னு கேட்டேன். எதுக்கு சார் இப்பன்னாங்க. எனக்குத் தெரியணும்னேன். அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணுமில்ல. பாவம், தேடி எடுத்துச் சொன்னாங்க. எழுதிக்கிட்டு வந்தேன். அவளோட புது நம்பர் எனக்குத் தெரியாது, சுகுணாவுக்குத் தெரியும், சுகுணா குடுக்க மாட்டேங்கறா.

பார்சல் வந்த அந்த வியாழக்கிழமை காலையில நான் பேங்க்குக்குப் போய்ப் பென்ஷன் எடுத்துட்டு அப்பத்தான் வந்து உக்காந்திருந்தேன். வாட்ச்மேன் கூப்பிட்டதும் சட்டையை மாத்தாம அப்படியே கீழ இறங்கிப் போயிட்டேன். அவன் கேட்ட பணம் என் சட்டைப் பையிலயே இருந்தது சார்.